கடிவாய்க்கு எதிர் விளிம்பு

வங்காளத்தில், கங்கைக் கரைப் பானிஹாட்டியில், படித்துறைக்கு இறங்கும் சந்தில் ஹரிசாதன் பைன் என்பவர் கடிகாரம் பழுது பார்த்தார். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, சுவரில் ஆளுக்கொரு நேரம் காட்டும் ஏழெட்டுக் கடிகாரங்கள். வலக்கண்ணில் செருகிய உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சாப்பிடும்போதுதான் கழற்றுவார் என்று தெருவில் சொல்வார்கள். அதுவும் முழு நிஜமில்லை. மறந்துபோய் அதோடேயே சோற்றின் முன் உட்கார்ந்து, மனைவி ஷேபாலி "மீன் முள்ளை எண்ணப் போறீங்களா?" என்று கேட்ட பிறகு கழற்றிய நாட்களும் உண்டு.

அந்தக் கண்ணாடிதான் அவரைக் காசுக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊரில் பெண்கள் பள்ளியின் ஒரு வகுப்பறையில் ஞாயிறு காலைகளில் நாணயச் சங்கம் கூடும். ஹோமியோபதி டாக்டர், ரேஷன் கடை குமாஸ்தா, ரயில்வேயில் ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேர் என்று முப்பது நாற்பது ஆண்கள் சின்னப் பெண்களின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பழைய காசு என்பதற்காக மட்டும் அவர்கள் ஒரு காசைக் கொண்டாட மாட்டார்கள். தப்பாய்ப் பிறந்த காசுதான் அவர்களுக்கு வேண்டும். ராஜா தலை இரண்டு தடவை விழுந்தது, அச்சு நகர்ந்து ஒரு ஓரமாய்ப் பதிந்தது, ஒன்றுமே பதியாமல் மொட்டைத் தகடாய் வெளியே வந்தது, இப்படி. அந்த ஆசையைத் தெரிந்துகொண்டு நல்ல காசைப் பட்டறை இடுக்கியில் நசுக்கிக் கொண்டுவருகிறவர்களும் இருந்தார்கள். ஹரிசாதன் வாங்கிப் பார்ப்பார். "பிறவி" என்பார், அல்லது "கைவேலை" என்பார். பிறவி என்றால் நாணயச்சாலையிலேயே நேர்ந்த தப்பு. கைவேலை என்றால் வெளியே ஒருவன் செய்தது. அவர் சொன்னதைச் செயலாளர் அபனி பாபு ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அந்தச் சீட்டுக்கு மேல் பேச்சில்லை.

நிசிகாந்த ஹாஜ்ரா அவருக்குச் சகலை. ஷேபாலியின் அக்கா பாருலைக் கட்டியவர். ஆற்றுக்கு அக்கரையில் கொன்னகரில் வீடு, பக்கத்துச் சணல் ஆலையில் நூல் எடை போடும் வேலை. வயதில் நாலு மூத்தவர் என்பதால் ஹரிசாதன் அவரை "நிசிதா" என்பார், அவர் இவரை "ஹரி" என்று ஒருமையில் அழைப்பார். இரண்டு மாப்பிள்ளைகளும் வருஷத்துக்கு ஒரு நாள் உத்தர்பாடாவில் மாமியார் வீட்டில் மாப்பிள்ளைச் சஷ்டிக்குப் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். மாமியார் ஈரப் பனைவிசிறியால் விசிறி, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, பழத்தட்டு கொடுப்பார். கத்லா மீனுக்கு ஒரு தலைதானே. அது மூத்தவர் தட்டில் விழும். இளையவருக்கு வயிற்றுப் பக்கத்துப் பெரிய துண்டு. குறைவென்று சொல்ல முடியாது. ஆனாலும் ஹரிசாதன் அந்தத் தலையை இருபத்தோரு வருஷம் ஓரக்கண்ணால் பார்த்தார்.

நிசிகாந்தரும் சங்கத்து உறுப்பினர்தான். கடைசி பெஞ்சு. கொண்டுவருவதெல்லாம் தேய்ந்த பைசாக்கள். "மில்லு பாபு இன்னிக்கு என்ன புதையலு?" என்று பட்டல் மித்திரர் கேட்பார். பட்டல் அந்தச் சங்கத்தின் வாய். நிசிகாந்தர் சிரித்துக்கொண்டே பைசாவைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார்.

ஒரு ஞாயிறு அவர் சிவப்புத் துணியில் முடிந்து ஒரு ராஜா ரூபாய் கொண்டுவந்தார். வெள்ளி. ஓரத்தில் பிறைபோல் ஒரு வாய் கடிபட்டிருந்தது. குளிர்காலக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அந்த வருஷம் ஒரே ஒரு காசைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காகத்தான்.

"இது எங்கேர்ந்து நிசிதா?" என்றார் ஹரிசாதன்.

"வீட்டுது. எங்கம்மா காலத்துலேர்ந்து இருக்கு. பாரு ஹரி. நீ பாத்துச் சொன்னா போதும்."

கடிபட்ட காசை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஹரிசாதனுக்குத் தெரியாததில்லை. தகட்டிலிருந்து வட்டம் வட்டமாய் வெட்டும்போது, முன்பே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கத்தி ஏறிவிட்டால் அந்த வட்டம் ஒரு வாய் குறைந்து விழும். அச்சடிக்கும் முன் வட்டத்தை இரு பக்கமும் நெருக்கி உருட்டி விளிம்பு எழுப்புவார்கள். கடிபட்ட இடத்தில் நெருக்க ஒன்றுமில்லாததால் அதற்கு நேர் எதிரேயும் நெருக்கம் விழாது. அங்கே விளிம்பு எழும்பாமல் மங்கிக் கிடக்கும். வெளியே ஒருவன் அரத்தால் எத்தனை அழகாய்க் கடித்தாலும் எதிர்ப்பக்கத்தை அவனால் அப்படி மங்க வைக்க முடியாது. ஆகவே கடிவாயைப் பார்க்காதே, அதற்கு எதிரே பார். அவரே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

அன்று அவர் கடிவாயைத்தான் பார்த்தார். வெள்ளியில் அரத்தின் கோடுகள், புதுசாய், பளிச்சென்று. சுற்றிலும் முப்பது முகங்கள், எல்லாருக்கும் தெரியும் இது சகலை காசு என்று. உறவுக்காக வளைகிறவன் நானில்லை என்று காட்டும் அவசரம் அவரைப் பிடித்துத் தள்ளியது. மீன்தலையும் அந்த நேரத்தில் உள்ளே எங்கேயோ இருந்ததோ என்னவோ. காசைத் திருப்பவில்லை.

"கைவேலை. அரம் போட்டிருக்கு."

பட்டல் மித்திரர் விடுவாரா. "எடை குறைஞ்ச வெள்ளி ரூபாயை நாணயச்சாலையில வெளிய விடுவானா ஐயா? யாரோ சுரண்டி வெள்ளி எடுத்திருக்கான். மில்லுல அரத்துக்கா பஞ்சம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நிசிகாந்தர் சிரிக்கவில்லை. "அரமா?" என்று மட்டும் கேட்டார். ஹரிசாதனிடம் இன்னொரு தடவை கேட்பார்போல் பார்த்துக்கொண்டே நின்றார். ஹரிசாதன் அடுத்த காசைக் கையில் எடுத்துக்கொண்டார். நிசிகாந்தர் சிவப்புத் துணியில் ரூபாயை முடிந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவில்லை. அவர் இல்லாத இடத்தில் அவருக்கு 'அரம் ஹாஜ்ரா' என்று பேர் நிலைத்தது. பைன் பாபுவின் கண்ணுக்கு உறவு கிடையாது என்ற பேரும் அதே நாளில் நிலைத்தது.

மாப்பிள்ளைச் சஷ்டிக்கும் அவர் வரவில்லை. ஒரு வருஷம் ஆலையில் வேலை என்றார்கள், ஒரு வருஷம் மூச்சிரைப்பு என்றார்கள். மாமியார் இரண்டு ஆசனமும் போட்டு வைப்பார். ஒன்று காலியாய் இருக்கும். மீன்தலை ஹரிசாதன் தட்டுக்கு வந்தது. ஆறு வருஷம் சாப்பிட்டார்.

"அவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?" என்று ஷேபாலி கேட்பாள்.

"உள்ளதைச் சொன்னேன்."

ஏழாவது வருஷம் பங்குனி முடிந்து, அவர்கள் பேத்திக்குச் சோறூட்டும் நாள் குறித்தார்கள். பெரியம்மா வீட்டுக்கு நேரில் போய் அழைக்காவிட்டால் நன்றாயிருக்காது என்று ஷேபாலி பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு முழங்கால் வலி, ஆகவே அவரைத்தான் தோணியில் ஏற்றிவிட்டாள். வியாழக்கிழமை. கொன்னகர் வீட்டில் பாருல் லட்சுமி பூஜைக்கு உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் அரிசிமாவில் லட்சுமியின் சின்னச் சின்னப் பாதங்கள் வாசலிலிருந்து பூஜை மூலை வரை போயின. அவற்றை மிதிக்காமல் ஹரிசாதன் ஓரமாய் நடந்து வந்தார். உள்ளறையில் நிசிகாந்தர் இருமுகிற சத்தம் கேட்டது. சணல் தூசி நெஞ்சில் இறங்கி அவர் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"உக்காரு ஹரி. லட்சுமியம்மாவைக் குளிப்பாட்டிட்டு வந்துடறேன்," என்றாள் பாருல். குங்குமம் அப்பிய பிரம்புப் பெட்டியைத் திறந்து நெல்லும் சோழியும் காசுகளும் எடுத்து வைத்தாள். லட்சுமியின் பெட்டியில் போட்டது போட்டதுதான். அந்த வீட்டில் அதை எடுத்துச் செலவழிக்கவோ வெளியே கொண்டுபோகவோ மாட்டார்கள். காசுகளை ஒவ்வொன்றாய்க் கங்கை நீரில் கழுவித் துடைத்தாள். அதில் கடிபட்ட ராஜா ரூபாயும் இருந்தது.

ஹரிசாதனுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது அந்தக் காசு எங்கே இருந்தது என்பதுதான். சகலை பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். வீட்டுக்குத் தெரியாமல்.

"இந்த ஓரம் குத்தும்னு முன்னல்லாம் பயந்து பயந்து துடைப்பேன்," என்றாள் பாருல் தானாகவே. "எம் பொண்ணு டும்பா ஒரு தடவை விரலைக் கிழிச்சிக்கிட்டா, ரத்தம். அருவாமணை தீட்ட உன் நிசிதா மில்லுலேர்ந்து ஒரு அரம் கொண்டாந்திருந்தாரு. அதை எடுத்து நாலு இழுப்பு இழுத்து மழுக்கிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அம்மா காசுல கை வெச்சேன்னு திட்டுவாரு."

"எப்ப தீதி அது?"

"டும்பா எட்டாவது படிக்கறப்ப. உங்க காசுக் கூட்டத்துக்கெல்லாம் போயிட்டிருந்தாரே, அந்தச் சமயம்."

"அதைக் கொஞ்சம் குடுங்க."

கையில் வாங்கினார். உருப்பெருக்கி கொண்டுவரவில்லை. தேவையும் படவில்லை. முற்றத்து வெளிச்சத்தில் காசைத் திருப்பிக் கடிவாய்க்கு எதிரே பார்த்தார். சுற்றிலும் எழுந்து வந்த விளிம்பு அந்த இடத்தில் மட்டும் படுத்துக் கிடந்தது. மணிமணியான ஓரப் பொட்டுகள் தேய்ந்த பல்போல் மங்கியிருந்தன. பிறவி. கடிகாரக்காரன் கண்ணே வேண்டாம், ஒரு தடவை திருப்பியிருந்தால் போதும்.

அழைப்பைச் சொல்லிவிட்டுச் கொடுத்த சந்தேஷ் இனிப்பைக்கூட வாயில் போடாமல் கிளம்பினார். உள்ளறைக்குப் போய்ச் சகலை முகத்தைப் பார்க்கவில்லை. தோணியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வரும் ஞாயிறு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஞாயிறு வந்தது, ஒரு புது ஆள் தன் தம்பி காசு என்று ஒன்றை நீட்டினான். "தம்பி, மச்சான்லாம் இங்க செல்லாது," என்றார் பட்டல். "பைன் பாபு சொந்தச் சகலையையே வெளிய அனுப்பினவரு." ஹரிசாதன் திறந்த வாயை மூடிக்கொண்டார். அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று போகவில்லை. காய்ச்சலும் இல்லை. மூன்றாவது ஞாயிறு போனார், ஒரு காசின் சீட்டில் கையெழுத்தைத் தேதி போடும் இடத்தில் போட்டுவிட்டார். அபனி பாபு, "வயசாகுது பைன் பாபு," என்றார்.

வயசு இல்லை. சொன்னால் தன் சீட்டுக்கு மதிப்புப் போகும். அரம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். பாருல் பேர் வரும். நாலு இழுப்பில் புருஷன் மானத்தை இழுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தால்? இப்படி ஆயிரம் காரணம் யோசித்தார். எல்லாக் காரணத்துக்கும் அடியில் அக்கரையில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமல் நின்றபிறகு சொல்லி யாருக்கு என்ன.

ஷேபாலிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாய் ஒரே தட்டில் முள் எடுத்துக் கொடுத்தவள். "தொண்டையில முள்ளு நின்னா சோத்தை உருட்டி முழுங்கணும், இல்ல கக்கணும்," என்றாள். "நீங்க ரெண்டும் செய்யல. மூணு வாரமா வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறீங்க. அக்கரைக்குப் போங்க."

போனார். பாருல் கடைவீதிக்குப் போயிருந்தாள். நிசிகாந்தர் ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

"நிசிதா, அந்த ரூபாய் பிறவி."

நிசிகாந்தர் பொரியை மென்று முடித்தார். "தெரியும்."

"நான் எதிர்ப்பக்கம் பாக்கல."

"அதுவும் தெரியும். பக்கத்துலதானே நின்னேன். திருப்புவே, திருப்புவேன்னு பாத்துட்டே இருந்தேன். நீதானே ஒரு நாள் எங்க எல்லாருக்கும் சொல்லிக்குடுத்த, எதிரே பாருன்னு. நான் வீட்ல பத்து தடவை பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். அரக்கோடுதான் எனக்கே தெரியாது. சாயங்காலம் வந்து அரத்தை எடுத்துப் பாத்தேன். பல்லு இடுக்குல வெள்ளிப் பொடி."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே."

"யார் போட்டதுன்னு கேப்பீங்க. நாப்பது ஆம்பளைங்க நடுவுல எம்பொண்டாட்டி பேரை இழுக்கணும். அம்மா பெட்டியிலேர்ந்து காசை வெளிய எடுத்துட்டுப் போனேன்னு அவகிட்ட சொல்லணும். கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாக்கற ஆசையில எடுத்தேன். அதுக்கு இது கூலின்னு வெச்சுக்கிட்டேன்." கொஞ்சம் இருமினார். "ஆனா ஹரி, நீ தனியா வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பேன். ஆறு வருஷத்துல நீ ஆத்தைத் தாண்டலையே."

ஹரிசாதன் கிட்டே வந்தார். குனிந்து அவர் காலைத் தொட்டார். நிசிகாந்தர் காலை இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கு. பொரி எடுத்துக்க."

அடுத்த ஞாயிறு ஹரிசாதன் சங்கத்தில் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசுகிற மனிதர் நின்றதும் அறை அடங்கியது. நிசிகாந்த ஹாஜ்ராவின் ரூபாய் பிறவி என்றும், கடிவாயை மட்டும் பார்த்துத் தான் தப்பாய்ச் சொல்லிவிட்டதாகவும், சகலை என்பதால்தான் திருப்பிப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். கடைசியில் சொன்னது அவருக்கே கஷ்டமாயிருந்தது.

"அப்ப அரம் யார் போட்டது?" என்றார் பட்டல்.

"தெரிஞ்சு என்ன ஆகணும்? எனக்கு எதிர்ப்பக்கம் கண்ணு இல்லாம போச்சு. அதை எழுதிக்குங்க."

அபனி பாபு பேனாவை மூடினார். "பைன் பாபு, தப்பா நினைக்காதீங்க. அப்படின்னா நீங்க குடுத்த பழைய சீட்டெல்லாம் திரும்பப் பாக்கணும்."

"பாக்கலாம்."

"நாங்க ஹாஜ்ரா ரூபாயையும் பாக்கணும். கண்ணால பாத்துத்தான் சீட்டு மாத்த முடியும்."

ஹரிசாதன் மறுபடி ஆற்றைத் தாண்டிப் போய்க் கேட்டார். நிசிகாந்தர் ஒரே வார்த்தையில் முடித்தார். அந்தக் காசு இனிமேல் வாசற்படி தாண்டாது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வியாழக்கிழமை வரட்டும், கால் கழுவிக்கொண்டு. தங்கச்சி புருஷன் தன் கூட்டாளிகளைப் பழைய ராஜா ரூபாய் பார்க்கக் கூட்டிவருகிறான் என்று பாருலிடம் சொல்லிக்கொள்ளலாம். அரத்தைப் பற்றி ஒருவர் வாய் திறக்கக் கூடாது.

பதினோரு பேர் வந்தார்கள். தோணிக்காரன் கல்யாணமா என்று கேட்டான். பட்டல் மித்திரர் அரிசிமாப் பாதங்களுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிக்கொண்டு கொக்குபோல் கால் வைத்து வந்தார். எல்லாரும் பூஜை மூலைக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார்கள். பாருலுக்கு ஒரே பெருமை. பூரிபோன்ற லுச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் செய்து வைத்திருந்தாள். ரூபாயைக் கழுவி, துடைத்து, வெற்றிலை மேல் வைத்து நீட்டினாள். உருப்பெருக்கி கைக்குக் கை மாறியது. இந்தத் தடவை எல்லாரும் முதலில் எதிர் விளிம்பைத்தான் பார்த்தார்கள். ஹோமியோபதி டாக்டர் மெல்லத் தலையாட்டினார்.

"கடிச்ச பக்கம் பயப்படாம பிடிங்க, குத்தாது," என்றாள் பாருல். "நான்தான் அரத்தால தேச்சு வெச்சிருக்கேன். எவ்ளோ வழவழன்னு இருக்கு பாருங்க."

உருப்பெருக்கி அப்போது பட்டலிடம் இருந்தது. அதை அவர் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை, காசை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உள்ளறைக் கதவருகே நாற்காலியில் நிசிகாந்தர் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டீங்க?" என்றாள் பாருல். அவள் பார்வை புருஷனிடம் போனது. "அரம் போட்டா அம்மாவுக்கு ஆகாதா?"

"அம்மாவுக்கு ஆகும்," என்றார் நிசிகாந்தர். "இவங்களுக்குத்தான் ஆகாது."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தீதி," என்றார் ஹரிசாதன், "அரத்துல தப்பே இல்ல. பாத்த கண்ணுலதான் தப்பு. என் கண்ணு." பாருல் அவரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். காசை வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினாள். எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. லுச்சியை அவளே ஒவ்வொரு தட்டிலும் போட்டாள். ஹரிசாதன் தட்டுக்கு வரும்போது கொஞ்சம் தாமதித்தாள், பிறகு போட்டாள். பட்டல் படியிறங்கும்போது நிசிகாந்தரிடம் ஏதோ சொல்ல நின்று, "லுச்சி ரொம்ப நல்லாருந்துது நிசி பாபு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத்தில் சீட்டு மாற்றி எழுதினார்கள். பழைய சீட்டுகள் வரத் தொடங்கின. நாற்பத்துமூன்று வந்தன. ஹரிசாதன் ஒவ்வொரு காசாய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்திரண்டு சரி. ஒன்று தப்பு. அந்தக் காசைக் கைவேலை என்று அவர் சொன்ன வாரமே அதன் உரிமையாளர் வெள்ளிக் கடையில் உருக்கப் போட்டுவிட்டார். சீட்டும், அன்றே அதன் பின்னால் காசின் இரு பக்கமும் வரைந்து வைத்த படமும்தான் வந்தன. படத்தைப் பார்த்தே பிறவி என்று தெரிந்தது. அவரிடமும் நேரில் போய்ச் சொன்னார். அவர் சிரித்தார், போகட்டும் என்றார். அந்தச் சிரிப்பு ஹரிசாதனுக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

வைகாசி மாதம் மாப்பிள்ளைச் சஷ்டிக்கு நிசிகாந்தர் வந்தார். டும்பா கைத்தாங்கலாய்ப் பிடித்து வந்து ஆசனத்தில் உட்கார வைத்தாள். மாமியாருக்குக் கண் பாதி போயிருந்தது. தடவித் தடவி இரண்டு மணிக்கட்டிலும் மஞ்சள் நூல் கட்டினார். விசிறினார். மீன்தலையை மூத்தவர் தட்டில் வைத்தார்.

"ஆறு வருஷமா ஏன்ப்பா வரல? நான் ஏதாவது குறை வெச்சேனா?"

ஹரிசாதன் வாயைத் திறந்தார். அவர் குரல் வருவதற்குள் நிசிகாந்தர், "மூச்சிரைப்பும்மா," என்றார். பிறகு பக்கத்தில் திரும்பாமல், "சாப்பிடு ஹரி. ஆறிடும்," என்றார்.

ஹரிசாதன் சாப்பிட்டார். மாமியார் அந்த மார்கழியிலேயே போய்விட்டார். மூத்த மாப்பிள்ளைக்குத் தன்னிடம் ஏதோ மனக்குறை என்று கடைசி வரை அவர் நினைத்திருந்ததாக ஷேபாலி சொன்னாள். அன்று சோற்றுக்கு முன்னால் "என்னாலதான்" என்ற அந்த ஒரு வார்த்தையைத் தானே முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம் என்று ஹரிசாதனுக்கு இன்றைக்கும் தோன்றும். காசு எதைக் கொடுத்தாலும் இப்போது முதலில் எதிர்ப்பக்கம் திருப்புகிறார். கடிபடாத காசைக்கூட.